அடுத்த வீட்டில் குடியிருப்பவர் யார்?
(குடியிருப்பு வேற்றுமையும் சட்டத்தின் நீதியும்)

முன்னுரை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தர்க்கு இன்றியமையாத தேவைகள் என்பது நாம் இளமையிலேயே கற்ற பாடம். இம்மூன்றினுள் உறையுளுக்கு மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு. அரிசியை எவரும் எக்கடையிலும் வாங்கலாம். வாங்குபவர் இன்னார் என்று பக்கத்தில் நிற்பவர் வினவுவதில்லை. துணியும் அவ்வாறே. ஆனால் வீடு என்பது எப்பொழுதும் மற்றொரு வீட்டின் அருகில் இருப்பது. ஆகவே வீடு தேடி வருபவரிடம், "எவ்வளவு வாடகை தருவீர்கள்?" என்ற வினாவுக்கு முன்னரே, "நீங்கள் யார்?" என்ற வினா எழுகிறது. பெயர், ஊர், சமயம், சாதி, உணவுப் பழக்கம் ஆகியவை ஒவ்வொன்றாகக் கேட்டறியப்படுகின்றன. பின்னர், "வீடு நேற்றே பேசி முடிந்துவிட்டது" என்ற மறுமொழி மிகுந்த பணிவோடு கூறப்படுகிறது.

இவ்வாறு மறுப்பது வீட்டுக்காரரின் சொந்த விருப்பத்தைச் சார்ந்ததா? அன்றி, பொது நீதிக்கு எதிரான குற்றமா? "என் வீடு, எனக்கு விருப்பமானவருக்குக் கொடுப்பேன்" என்னும் கூற்று முதற்பார்வைக்கு நியாயமானதாகவே தோன்றும். இக்கூற்றுக்குச் சட்டத்தின் மூலமாக விடை காண முயன்ற நாடுகளுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு விரிவானது. வழக்குகளாகவும் சட்டங்களாகவும் பதிவு பெற்றது. அங்கு அவ்விடை ஒரே நாளில் கிட்டவில்லை. அரசு செய்யும் வேற்றுமை முதலில் தவறெனப்பட்டது. அவ்வேற்றுமைக்கு நீதிமன்றம் துணை நிற்பது அடுத்துத் தவறெனப்பட்டது. தனி மனிதர் செய்வதும் தவறு என்பது இறுதியில்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இப்படிகளை வரிசையாக விளக்கி, நம் நாட்டுச் சட்டம் எப்படியில் நிற்கிறது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நூறாண்டு உறங்கிய சட்டம்

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டுச் சட்டமன்றம் குடியுரிமைச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. நிலமும் வீடும் வாங்கவும், விற்கவும், குத்தகைக்கு எடுக்கவும், வழிவழியாகப் பெறவும் வெள்ளையருக்கு உள்ள அதே உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்பது 1866ஆம் ஆண்டின் இச்சட்டத்தின் சாரமாகும்.

சொல்லளவில் இதனினும் தெளிவான சட்டம் வேண்டுவதில்லை. எனினும் இச்சட்டம் அரசாங்கத்தின் செயல்களை மட்டுமே கட்டுப்படுத்தும், தனியாரைத் தீண்டாது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. எனவே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அது ஏட்டில் உறங்கியது. விடுதலை பெற்றவனுக்கு உரிமை இருந்தது. குடியிருக்க வீடு கிடைக்கவில்லை.

2. நகராட்சி வரைந்த எல்லைக்கோடு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் நகரங்களுக்குக் குடிபெயரலாயினர். அப்பொழுது சில நகராட்சிகள் வெளிப்படையான சட்டத்தையே கருவியாகக் கொண்டன. 1910ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரம் இதற்கு வழிகாட்டியது. 1914ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்திலுள்ள லூயிவில் நகரம் அவ்வகைச் சட்டமொன்றை இயற்றியது. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள தெருப்பகுதியில் கறுப்பரும், கறுப்பர் பெரும்பான்மையாக உள்ள பகுதியில் வெள்ளையரும் குடியேறக்கூடாது என்று அது விதித்தது. இரு சாராரையும் ஒருங்கே தடுப்பதால் இது சமத்துவமான சட்டமே என்றும் வாதிக்கப்பட்டது.

1917ஆம் ஆண்டில் பியூகானன் எதிர் வார்லி என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை ஒருமனதாகச் செல்லாததாக்கியது. இத்தீர்ப்பில் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. வழக்கைத் தொடுத்தவர் வீட்டுமனையை விற்க விரும்பிய வெள்ளையர்; வாங்க இசைந்தவரே கறுப்பர். தீர்ப்பு பெரிதும் சார்ந்து நின்றது, தம் சொத்தைத் தாம் விரும்பியவருக்கு விற்கும் உரிமையின் மீதாகும். நீதி கிடைத்தது உண்மை. ஆயினும் வீடற்றவரின் மாண்பைக் காட்டிலும் உடைமையாளரின் உரிமையே அத்தீர்ப்புக்குத் தூணாக இருந்தது. அவ்வுரிமையே பின்னர்க் கதவை அடைப்பதற்கும் கருவியாயிற்று.

3. அண்டை வீட்டார் செய்துகொண்ட உடன்படிக்கை

அரசு செய்யக்கூடாததைத் தனியார் ஒன்றுகூடிச் செய்யலாயினர். ஒரு தெருவில் வீடு உடையோர் யாவரும் கூடி, தங்கள் வீடுகளை இன்ன இனத்தாருக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று கையொப்பமிட்டு அதனைப் பத்திரமாகப் பதிவு செய்தனர். பிற்காலத்தில் அவ்வீட்டை வாங்குவோரையும் அது கட்டுப்படுத்தும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கிய பெயர் திருமறையில் நாம் காணும் "உடன்படிக்கை" என்னும் சொல்லே. ஆபிரகாமோடு இறைவன் செய்த உடன்படிக்கை எல்லா இனத்தாரும் ஆசி பெறுவதற்காக ஏற்பட்டது; இதுவோ ஓரினத்தாரை விலக்குவதற்காக ஏற்பட்டது. வீடு, மனைத் தரகர்களின் தேசியச் சங்கமும் 1924ஆம் ஆண்டில் தன் ஒழுக்க விதிகளில், ஒரு பகுதியின் சொத்து மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தாரை அங்கே குடியேற்றுவதற்குத் தரகர் கருவியாகக் கூடாது என்று எழுதி வைத்தது. ஒழுக்கம் என்ற பெயரிலேயே ஒழுக்கக்கேடு விதியாயிற்று.

மிசௌரி மாநிலத்தைச் சார்ந்த செயின்ட் லூயிஸ் நகரில் லபாடி நிழற்சாலையில் உள்ள வீடுகளைப் பற்றி 1911ஆம் ஆண்டில் இத்தகைய உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு நீக்ரோ இனத்தாரும் மங்கோலிய இனத்தாரும் அவ்வீடுகளில் குடியிருக்கக்கூடாது என்பது அதன் விதி. 1945ஆம் ஆண்டில் ஆறு பிள்ளைகளையுடைய ஷெல்லி என்னும் கறுப்பினக் குடும்பத்தார் அங்கே ஒரு வீட்டை வாங்கினர். அதே சாலையில் வேறொரு வீட்டுக்கு உரிமையாளரான கிரேமர் குடும்பத்தார் அவர்களை வெளியேற்றுமாறு வழக்குத் தொடுத்தனர். இவ்வழக்கின் செலவுக்கு, அப்பகுதியிலிருந்த ஒரு பிரெஸ்பிட்டேரியன் சபையின் பொறுப்பாளர்கள் சபைப் பணத்திலிருந்தே உதவினர் என்பது திருச்சபை வரலாற்றில் நாம் மறைத்தலாகாத செய்தியாகும்.

1948ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் மூவர் இவ்வழக்கில் பங்குபெறாது விலகினர். எஞ்சிய அறுவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். தலைமை நீதிபதி வின்சன் எழுதிய அத்தீர்ப்பின் கருத்து நுட்பமானது. தனியார் தமக்குள் இத்தகைய உடன்படிக்கை செய்துகொள்வதும், தாமாகவே அதனைக் கடைப்பிடிப்பதும் அரசியலமைப்புக்கு மாறானவை அல்ல. ஆனால், அதனை நிறைவேற்றித் தருமாறு நீதிமன்றத்தை நாடுங்கால், நீதிமன்றம் அரசின் கையாகச் செயற்படுகிறது. அரசின் கையோ பதினான்காம் திருத்தத்தால் கட்டுண்டது. ஆகவே அத்தகைய உடன்படிக்கையை எந்நீதிமன்றமும் நிறைவேற்றித் தரலாகாது என்பதாம்.

ஷெல்லி குடும்பத்தார் தம் வீட்டில் நிலைபெற்றனர். ஆயினும் உடன்படிக்கையை மனமுவந்து கடைப்பிடிப்போரை இத்தீர்ப்பு தடுக்கவில்லை. "சட்டம் துணை நிற்காது" என்பது வேறு. "சட்டம் தடுக்கும்" என்பது வேறு.

4. வரைபடத்தில் சிவப்பு நிறம்

அமெரிக்கர் பெரும்பாலோர் நீண்டகாலக் கடன் பெற்றே வீடு வாங்குவர். 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார வீழ்ச்சியை ஈடுசெய்யும் பொருட்டு அரசு இக்கடன் துறையில் இறங்கியது. 1933ஆம் ஆண்டில் தோன்றிய அரசுக் கடன் நிறுவனம் ஒன்று இருநூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களின் வரைபடங்களை உருவாக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு நிறங்களைத் தீட்டியது. சிவப்பு நிறம் கடன் கொடுத்தற்கு இடரான பகுதியைக் குறித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு நிறம் பெற்றன.

1934ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகம் இதனினும் ஆழமான விளைவை உண்டாக்கிற்று. வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு அது காப்புறுதி அளித்தது. அதனால் சிறிய முன்பணமும் நீண்ட தவணையும் எளியோருக்கும் கிட்டின. ஆனால் அதன் 1938ஆம் ஆண்டுக் கையேடு, இனக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைகளை விரும்பத்தக்க பாதுகாப்பாகப் பரிந்துரைத்தது. 1948ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னும் உடனே மாற்றம் நேரவில்லை. 1950ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களுக்குப் பின் புதிதாகப் பதிவாகும் உடன்படிக்கைகள் உள்ள வீடுகளுக்கு மட்டுமே காப்புறுதி மறுக்கப்பட்டது.

விளைவு என்ன? காப்புறுதியுள்ள கடன் கிடைக்காத கறுப்பினத்தவர், சிகாகோ முதலிய நகரங்களில், விற்பவரிடமே தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கினர். முழுத் தொகையும் செலுத்தித் தீரும்வரை வீடு வாங்கியவருக்கு உரியதாகாது. ஒரு தவணை தவறினும் வீட்டையும் அதுவரை செலுத்திய பணத்தையும் இழக்க நேரும். வெள்ளையரின் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் வீடு முதுசொமாயிற்று; கறுப்பரின் பிள்ளைகள் பலருக்குக் கடனே எஞ்சியது. இன்றும் வெள்ளையர் குடும்பங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை சொந்த வீட்டில் வாழ, கறுப்பினக் குடும்பங்களில் சொந்த வீடு உடையவை நூற்றுக்கு ஐம்பதை எட்டாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

5. தெருவிலிருந்து சட்டமன்றத்துக்கு

குடியரசுத் தலைவர் கென்னடி 1962ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பிறப்பித்த ஆணை, அரசின் உதவி பெறும் வீடுகளில் வேற்றுமையைத் தடுத்தது. தனியார் விற்பனை பெரிதும் அதன் எல்லைக்கு வெளியில் நின்றது. கலிபோர்னியா மாநிலம் 1963ஆம் ஆண்டில் நியாயமான குடியிருப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆனால் அடுத்த ஆண்டிலேயே நடந்த பொது வாக்கெடுப்பில், வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அதற்கு எதிராக வாக்களித்தனர். விரும்பாதவருக்கு வீடு விற்க மறுக்கும் உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே அவர்கள் எழுதிச் சேர்த்தனர். 1967ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. பெரும்பான்மையோரின் வாக்கு எப்பொழுதும் நீதியின் குரலாக இராது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

1966ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோ நகரின் ஏழையர் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் குடியேறி, குடியிருப்பு உரிமைக்காகப் பேரணிகளை நடத்தினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் மார்க்கெட் பூங்காவில் எறியப்பட்ட கல் அவர் தலையில் தாக்கியது. மில்வாக்கி நகரில் நகர்மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரான வெல் பிலிப்ஸ் அம்மையார் 1962ஆம் ஆண்டு முதல் குடியிருப்புச் சட்ட முன்வரைவை மீண்டும் மீண்டும் கொணர்ந்தார். ஆதரவாக விழுந்த வாக்கு அவருடையது மட்டுமே. எதிர் வாக்குகள் 18. 1967ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் தொடங்கி, கத்தோலிக்கக் குருவான ஜேம்ஸ் குரோப்பியும் கறுப்பின இளைஞரும் அந்நகரில் தொடர்ந்து 200 இரவுகள் அணிவகுத்து நடந்தனர். செயின்ட் லூயிஸ் நகரில் சபைப் பணம் எதற்குச் சென்றது என்பதை மேலே கண்டோம். மில்வாக்கியில் ஒரு குருவின் கால்கள் எங்கே சென்றன என்பதையும் அதனோடு சேர்த்து நினைவிற்கொள்வது நடுநிலையாகும்.

தலைநகரில் செனட் உறுப்பினர்களான மாண்டேல், புரூக் ஆகிய இருவரும் இம்முன்வரைவை நடத்திச் சென்றனர். புரூக் கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் நாட்டுக்காகப் போரிட்டுத் திரும்பிய பின், தாம் விரும்பிய வீட்டைப் பெற இயலாமற்போனதை அவர் மன்றத்தில் எடுத்துரைத்தார். 1968ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் செனட் 71க்கு 20 என்ற வாக்குகளால் அதனை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் அவையில் அது தயங்கி நின்ற வேளையில், ஏப்ரல் 4ஆம் நாள் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 10ஆம் நாள் அவ்வவையும் 250க்கு 172 என்ற வாக்குகளால் இசைவளித்தது. மறுநாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையொப்பமிட்டார். அவ்வாண்டு ஜூன் திங்களில், ஜோன்ஸ் எதிர் மேயர் என்ற வழக்கில், 1866ஆம் ஆண்டின் சட்டமும் தனியாரைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நூறாண்டு உறங்கியது விழித்தது.

6. 1968ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவது

இச்சட்டம் இனம், நிறம், சமயம், பிறந்த நாடு ஆகியவற்றின் காரணமாக வேற்றுமை காட்டுவதைத் தடுத்தது. 1974ஆம் ஆண்டில் பால் வேற்றுமையும், 1988ஆம் ஆண்டில் உடற்குறையும் சிறுவர் உள்ள குடும்ப நிலையும் சேர்க்கப்பட்டன. தடுக்கப்படும் செயல்கள் பின்வருமாறு:

(அ) வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ மறுத்தல். வெவ்வேறு மக்களுக்கு வெவ்வேறு நிபந்தனை விதித்தல்.
(ஆ) காலியாக இருக்கும் வீட்டை இல்லை என்று பொய்யுரைத்தல்.
(இ) இன்னாருக்கு மட்டும் என்ற விருப்பத்தைக் காட்டும் விளம்பரம் வெளியிடுதல்.
(ஈ) "உங்கள் தெருவில் இன்ன இனத்தார் வரப்போகின்றனர், விலை விழும்" என்று அச்சுறுத்திக் குறைந்த விலைக்கு வீடுகளை விற்கச் செய்தல்.
(உ) வீட்டுக் கடன் வழங்குவதில் வேற்றுமை காட்டுதல்.

சில விலக்குகளும் உண்டு. நான்கு குடும்பங்களுக்கு மேற்படாத கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருப்பாராயின் சட்டத்தின் பெரும்பகுதி அவரைக் கட்டுப்படுத்தாது. தரகரின்றியும் விளம்பரமின்றியும் தம் தனி வீட்டை விற்பவருக்கும் ஓரளவு விலக்கு உண்டு. ஆயினும் வேற்றுமை காட்டும் விளம்பரத்தை அவரும் வெளியிடலாகாது. அன்றியும், 1866ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய விலக்கு எதுவும் இன்மையால், இன வேற்றுமை செய்வோர் அதனின்று தப்புதல் அரிது.

நம் வாசகர்கள் கருத்திற்கொள்ள வேண்டிய விலக்கு ஒன்று உள்ளது. சமய நிறுவனங்கள், வணிக நோக்கமின்றித் தாம் நடத்தும் குடியிருப்புகளைத் தம் சமயத்தாருக்கு மட்டும் வழங்கலாம். ஆனால் அச்சமயத்தில் உறுப்பினராவதே இனம், நிறம், பிறந்த நாடு காரணமாகத் தடுக்கப்படுமாயின் அவ்விலக்கு கிட்டாது. சமய உறவைக் காக்க இடங்கொடுத்த சட்டம், சமயப் போர்வையில் இனப்பிரிவினை நுழைவதற்கு இடங்கொடுக்கவில்லை.

7. பொய்யை மெய்ப்பிப்பது எவ்வாறு?

மறுப்பவர் தம் காரணத்தை வாய்விட்டுக் கூறுவதில்லை. "வீடு முடிந்துவிட்டது" என்ற சொல் உண்மையா பொய்யா என்பதை வந்தவர் எங்ஙனம் அறிவார்? இதற்கென ஒரு முறை தோன்றியது. வருவாய், தொழில் முதலியவற்றில் ஒத்தவராகக் காட்டிக்கொள்ளும் இருவரை, நிறத்தில் மட்டும் வேறுபட்டவராகத் தேர்ந்து, ஒருவர் பின் ஒருவராக அதே வீட்டைக் கேட்குமாறு அனுப்புவர். இருவருக்கும் கிடைக்கும் விடைகளை ஒப்பிட்டால் உண்மை புலப்படும்.

வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரை அடுத்த பகுதியில் இவ்வாறு சென்ற கறுப்பினப் பெண்மணியிடம் வீடு இல்லை என்றும், வெள்ளையரிடம் உண்டு என்றும் கூறப்பட்டது. மெய்யாகவே வீடு தேடாத சோதனையாளருக்கு வழக்குத் தொடுக்கத் தகுதி உண்டா என்ற வினா எழுந்தது. 1982ஆம் ஆண்டில் ஹேவன்ஸ் எதிர் கோல்மன் வழக்கில், வீட்டைப் பற்றி உண்மை அறியும் உரிமையைச் சட்டம் ஒவ்வொருவருக்கும் அளித்திருப்பதால், பொய் கூறப்பட்ட கறுப்பினச் சோதனையாளருக்குத் தகுதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. உண்மை கூறப்பட்ட வெள்ளையருக்கு அவ்வழியில் தகுதி இல்லை என்றும் கூறியது. பணிவாகச் சொல்லப்பட்ட ஒரு பொய்யும் ஒரு மனிதருக்கு இழைத்த தீங்கு என்பது இதனால் உறுதியாயிற்று.

எனினும் தொடக்கத்தில் சட்டத்தின் கை வலுவற்றது. வீட்டுவசதித் துறை இருதரப்பாரையும் சமரசப்படுத்த முயலலாம். அதற்கு மேல் ஆணையிட இயலாது. வழக்குத் தொடுப்பவருக்குத் தண்டனை இழப்பீடாக 1,000 டாலருக்கு மேல் கிடையாது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1988ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பை நீக்கி, துறையின் நிர்வாக நீதிபதிகள் தீர்ப்பளிக்கவும் வகை செய்தது. 2015ஆம் ஆண்டில், தீய நோக்கம் மெய்ப்பிக்கப்படாவிடினும், காரணமின்றி ஓரினத்தாரையே மிகுதியாகப் பாதிக்கும் விதிகளையும் இச்சட்டத்தின்கீழ் எதிர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் கூறியது.

8. இழப்பு யாருக்கு?

இவ்வரலாற்றில் இறையியல் மாணவர்கள் தனியே சிந்திக்கத்தக்க வழக்கு ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரில் ஏறத்தாழ 8,200 பேர் வாழ்ந்த பெருங்குடியிருப்பு ஒன்றின் உரிமையாளர், வெள்ளையரல்லாதாரைச் சேர்க்காது ஒதுக்குவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. வழக்குத் தொடுத்த இருவரும் வீடு மறுக்கப்பட்டவர்கள் அல்லர். ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள். ஒருவர் கறுப்பர், மற்றவர் வெள்ளையர். பல்வகை மக்களோடு கூடி வாழும் நன்மையை வீட்டுக்காரர் எங்களிடமிருந்து பறித்துவிட்டார் என்பதே அவர்கள் முறையீடு. 1972ஆம் ஆண்டில் டிராஃபிகாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அம்முறையீட்டை ஏற்று, அவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்று தீர்த்தது.

இதன் பொருள் எளிதில் கடந்துபோகத்தக்கதன்று. வாயிலில் நிறுத்தப்பட்டவருக்கு மட்டுமே இழப்பு என்று நாம் எண்ணுகிறோம். உள்ளே இருப்பவரும் இழக்கிறார் என்கிறது இத்தீர்ப்பு. தனக்கு அயலான் யார் என்று நியாயசாஸ்திரி கேட்டபொழுது, ஆண்டவர் எல்லையை வரையறுத்து விடை கூறவில்லை. அடிபட்டுக் கிடந்தவனுக்கு எவன் அயலானாக நடந்தான் என்று வினாவையே மாற்றினார். வீட்டுக்காரர் நியாயசாஸ்திரியின் வினாவையே இன்றும் கேட்கிறார். அவ்விரு குடியிருப்பாளரோ, தம் அயலாராக வந்திருக்க வேண்டியவர் எங்கே என்று கேட்டனர்.

9. நம் நாட்டுச் சட்டம்

இனி நம் நாட்டின் நிலையை நோக்குவோம். இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக அரசு வேற்றுமை காட்டுவதைத் தடுக்கிறது. அதன் இரண்டாம் பகுதி கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள் முதலிய இடங்களைப் பற்றித் தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. குடியிருப்பு வீடு அங்கே பெயர் குறித்துச் சொல்லப்படவில்லை. தீண்டாமையை 17ஆம் உறுப்பு ஒழித்தது. 1955ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1976ஆம் ஆண்டு முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என வழங்கும் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாக எவரையும் எப்பகுதியிலும் வீடு கட்டவோ, பெறவோ, குடியிருக்கவோ ஒட்டாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஒரு திங்கள் முதல் ஆறு திங்கள் வரை சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும் ஆகும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமும், 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டமும் அவ்வவ்வகை மக்களுக்கு வீடு மறுத்தலைத் தடுக்கின்றன.

அமெரிக்கச் சட்டம் நெடுங்காலம் தயங்கிய படியை, தீண்டாமையைப் பொறுத்தவரை, நாம் 1955ஆம் ஆண்டிலேயே எட்டினோம் என்பது பெருமைக்குரியது. ஆயினும் சமயம், மொழி, உணவு ஆகியவற்றின் காரணமாகத் தனியார் வீடு மறுப்பதைத் தடுக்கும் பொதுவான நடுவண் சட்டம் நம்மிடம் இல்லை. உணவுப் பழக்கத்தின் பெயரால் விதிக்கப்படும் நிபந்தனை பல இடங்களில் சாதியையும் சமயத்தையும் விலக்கும் கருவியாவதை நாம் அறிவோம்.

ஷெல்லி வழக்கோடு ஒப்பிடத்தக்க வழக்கொன்று நம் உச்ச நீதிமன்றத்துக்கும் வந்தது. அகமதாபாத் நகரில் பார்சி மக்களின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற துணைவிதியை உடையது. அது செல்லாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் கூற, 2005ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று மாற்றித் தீர்த்தது. சங்கம் அமைக்கும் உரிமை மக்களுக்கு உண்டு. 15ஆம் உறுப்பு அரசைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனியார் சங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் கருத்து. சிறுபான்மைச் சமூகம் ஒன்று தன் வாழ்வைக் காத்துக்கொள்ள விழைவது பரிவோடு நோக்கத்தக்கதே. ஆயினும் சிறியோர் தம்மைக் காத்துக்கொள்ளத் திறந்த அதே வாயிலால் பெரியோர் பிறரை விலக்கவும் வழி ஏற்படும் என்பதை மறத்தலாகாது.

திருச்சபைக்கு நெருக்கமான செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் அட்டவணைச் சாதியினராயின், அச்செயல் தீண்டாமை காரணமாகவே நிகழ்ந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அன்று என மெய்ப்பிப்பது எதிரியின் பொறுப்பு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையோ கிறித்தவராய தலித் மக்களை அவ்வட்டவணையில் சேர்க்கவில்லை. ஆகவே வீடு மறுக்கப்பட்ட தலித் கிறித்தவர் முறையிடலாம். ஆனால் அவ்வனுமானத்தின் துணை அவருக்கு இல்லை. சொல்லப்படாத காரணத்தை அவரே மெய்ப்பித்தாக வேண்டும். ஏழாம் பகுதியில் கண்ட இடர்ப்பாடு முழுவதும் அவர் தோளிலேயே விழுகிறது.

முடிவுரை

சட்டம் மனத்தை மாற்றாது என்பர். உண்மையே. ஆயினும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்காரரின் மனத்தைக் கேட்கவில்லை. அவர் கையைக் கேட்டது. வாடகைக்கு என்று அறிவித்த பின் ஒருவரை அவருடைய பிறப்பு காரணமாகத் திருப்பி அனுப்பாதே என்று மட்டும் கூறியது. வீட்டை விற்பதும் வாடகைக்கு விடுவதும் சமுதாயத்தின் நடுவே நிகழும் செயல்கள். அவற்றுக்குச் சமுதாய நீதி உண்டு என்பதே அந்நாடு நெடிய வழக்குகளின் வாயிலாகக் கற்ற பாடம்.

சட்டம் எட்டாத இடங்களும் உண்டு. நம் சபை மக்களுள் வீடு உடையவர் பலர். வீடு காலியாகும்பொழுது, "நல்ல குடும்பமாக, நம்மவர்களாக இருந்தால் சொல்லுங்கள், ஐயா" என்று போதகரிடம் கூறுவது வழக்கம். "நம்மவர்" என்ற சொல்லின் பொருள் கூறுபவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அந்நிலையில் போதகர், தம்மை அறியாமலேயே, 1924ஆம் ஆண்டின் தரகர் நின்ற இடத்தில் நிற்கிறார். வீடு தேடி அலையும் தலித் கிறித்தவ ஆசிரியரோ, செவிலியரோ அதே சபையின் உறுப்பினராகவும் இருக்கக்கூடும். அவருடைய பெயரை அங்கே முதற்பெயராகக் கூறுவதற்கு எச்சட்டத் திருத்தமும் தேவையில்லை. அதனைக் கூறும் துணிவு நம்மிடம் உண்டா என்பதே இன்று நம்முன் நிற்கும் வினாவாகும்.